ஸ்கிரீன் தைக்க வந்தவள்

அருள்,

உன் கல்யாணத்தன்று விடியற்காலையில் எனக்கு அலங்காரம் செய்ய பியூட்டி பார்லரிலிருந்து ஒரு பெண்ணை மண்டபத்துக்கு அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய். "முடிக்கு டை போட்டு, ஒரு கண்ணாடியும் மாட்டிட்டா ஆளே மாறிடுவம்மா. அவங்களுக்கு அடையாளமே தெரியாது" என்றாய். நான் போனை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்ல நீ ஒன்பது சொல்லுவாய், கடைசியில் உன் குரல் கம்மிப் போகும், நான் இரங்கிவிடுவேன். நீ பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதை நீ ஒளித்துவைத்துப் படிக்கவும் வேண்டாம். நீ கட்டிக்கொள்ளப்போகிற நித்யா படித்தாலும் சரி, அவளுடைய அம்மா படித்தாலும் சரி, என் பக்கத்தில் மறைக்க எதுவும் இல்லை.

உன் பிளாட்டில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு ஸ்கிரீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது செங்கல்பட்டில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடி போனோமே, அந்த வீட்டு ஸ்கிரீன். உன் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை நிரந்தரமான சமயம் அது. ஆபீஸ் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு தேடி அலைந்தோம். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள், நாளைக்கு வாருங்கள் என்பார்கள். மறுநாள் போனால் வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள் என்பார்கள். கடைசியாகக் கிடைத்த வீட்டில் வீட்டுக்காரம்மா முன்பக்கம் குடியிருந்தாள், பின்பக்கம் நமக்கு. அவளும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"திருக்கழுக்குன்றம் பக்கம்னா எந்தாண்ட? ஊருக்குள்ளயா, வெளியவா?"

உன் அப்பா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "வெளியதாம்மா. காலனி. எங்க அப்பா அம்மா அடுத்தவங்க நெலத்துலதான் வேல செஞ்சாங்க. நான் கல்பாக்கத்துல வேல செய்றேன்" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரம்மா சற்று நேரம் யோசித்தாள். பிறகு, "வாடக கரீட்டா வந்தா போதும் எனக்கு. ஆனா அந்தச் சமையக்கட்டு ஜன்னலு என் பூஜ ரூமுக்கு நேரா கீது. நீங்க கறி மீனு செய்வீங்க. ஒரு ஸ்கிரீன் போட்டு மூடிக்கணும், ஆமா" என்றாள். உன் அப்பா என்னைப் பார்த்தார். வேறு வழி இல்லை. சரி என்றோம்.

என் கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக் கொடுத்த கைமெஷின் இருந்தது. கட்பீஸ் கடையில் பூப்போட்ட துணி வாங்கி நானே தைத்தேன். ஸ்பிரிங் கம்பியில் கோத்து மாட்டினால் ஒரு பக்கம் தரையைத் தொடுகிறது, இன்னொரு பக்கம் ஒரு சாண் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தூக்கிய இடத்தில் என் அடுப்பு அப்படியே தெரியும். வீட்டுக்காரம்மா விளக்கேற்ற வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிடுவாள். "இன்னாம்மா, அந்த ஓரம் தூக்கிகினு கீதே, பாக்க மாட்டியா?" நான் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கித் தைப்பேன். துவைத்துப் போட்டால் கோணல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மறுபடி பிரிப்பேன். பூ வரிசையைப் பார்த்து வெட்டியதுதான் தப்பு என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தத் துணியில் பூவே கோணலாக அச்சாகியிருந்தது. ஓரத்தில் ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டில் வெட்டினால்தான் துணி நேராக விழும். அப்படி வெட்டியதில் துணி குட்டையாகிவிட்டது. ஒரு பழைய பாவாடையைக் கிழித்து அடியில் பட்டை கொடுத்தேன். ஸ்பிரிங் நடுவில் தொய்ந்து போகிறது என்று உன் அப்பா ஒரு இரும்புக் குழாயை அறுத்துக்கொண்டு வந்து மாட்டினார். அதற்குப் பிறகு அந்த ஸ்கிரீன் சுவரில் பூசியதுபோல் அசையாமல் தொங்கியது. காற்றுப் போயிற்று, வெளிச்சம் போயிற்று. பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு சமைத்தேன்.

நீ ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாய், "அந்த ஆன்ட்டி நம்மள பாக்கக் கூடாதாப்பா?" என்று. உன் அப்பா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தபடி, "அப்டி இல்லடா. நாமதான் அவங்கள பாக்க வேணாம்னு போட்டுக்கினோம்" என்றார். நீ சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. நாம் அந்த வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த ஸ்கிரீன வுட்டுட்டுப் போம்மா, அழகா கீது. அடுத்து வர்றவங்களுக்கு ஆவும்." விட்டுவிட்டுத்தான் வந்தேன். அதைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்கலாம். மூடி வைக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் அதைச் செய்தவள் யாரோ ஒருத்தி. அவளுக்கு நான் ஒரு வேளைகூடப் பால் கொடுத்ததில்லை.

நீ எப்போதும் இப்படி இருந்தவன் என்று நான் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிறுசேரியில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் எங்கள் இரண்டு பேரையும் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனாய். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஒரு கடலோர ஹோட்டல். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு போட்டுவிட்டு நேராக வந்திருந்தேன். கையில் சாம்பார் வாசனைகூடப் போகவில்லை. சர்வர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜையைக் காட்டினான். முன்னால் மேஜைகள் காலியாகக் கிடந்தன. நீ அவனிடம் சத்தமே போடவில்லை. "எங்கம்மா கடலப் பாத்து உக்காரணும். அந்த டேபிள் வேணும்" என்றாய். அவன் ரிசர்வ் என்று ஏதோ சொன்னான். நீ அசையாமல் நின்றாய். கடைசியில் அவனே நாற்காலியை இழுத்துப் போட்டான். அன்று நான் மீனா சாப்பிட்டேன், கோழியா சாப்பிட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன், என் பிள்ளை எனக்காகப் பேசினான் என்று. இப்போது யாராவது அதை ஞாபகப்படுத்தினால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

சரி, உன் பிளாட்டுக்கு வருகிறேன். படூரில் நீ லோன் போட்டு வாங்கிய வீடு. அதற்கு ஸ்கிரீன் நான்தான் தைப்பேன் என்று அடம்பிடித்தேன். கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொள்கிறேன் என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. நீ ஒரு ஜன்னலை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் ஒரே சைஸ்தான் என்று போனில் அளவு சொன்னாய். நானும் அவசரத்தில் துணியை நனைத்துக் காய வைக்காமல் வெட்டிவிட்டேன். ஆக, உன் தப்பு பாதி, என் தப்பு பாதி. பால்கனிக் கதவுக்குப் போட்ட இரண்டும் நடுவில் சேரவே இல்லை. ஒன்று தரையில் புரண்டது, ஒன்று கணுக்காலுக்கு மேல் நின்றது. "கேவலமா இருக்கும்மா, கழட்டிடட்டா?" என்று நீ கேட்டாய். நான் வந்து சரி செய்கிறேன், தொடாதே என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலை செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். திருப்போரூரில் இறங்கி வேறு பஸ் மாறி, மெஷினைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

நான் பழைய நைலெக்ஸ் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று, மடிப்புக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். வாயில் ஊசிகள். காலிங் பெல் அடித்தது. நீ கதவைத் திறந்தாய். நித்யாவின் அம்மா. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, நீ போட்டோ காட்டியிருந்தாய் அல்லவா? பீரோ வாங்கப் போகிறோம், எங்கே வைப்பது என்று இடம் பார்க்க வந்தேன் என்றார். அவருக்கு என்னைத் தெரியாது. நாங்கள் போய்ப் பெண் பார்க்கும் நாளை நீ தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாய். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அப்பா கல்பாக்கத்தில் ரிட்டையர் ஆனவர், அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை என்பதுவரை சொல்லியிருந்தாய். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட பார்வை இல்லை. இதையும் சொல்ல வேண்டும். "ஸ்கிரீனுக்கு ஆள் வச்சிருக்கீங்களா தம்பி? வீட்டுக்கே வந்து தைச்சுக் குடுக்கறாங்களா?" என்று உன்னிடம் கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு பால்கனிப் பக்கம் பார்த்தாய். "ஆமா ஆன்ட்டி. செங்கல்பட்டுலேர்ந்து வந்திருக்காங்க" என்றாய்.

வாயில் ஊசி இருந்ததால் என்னால் சட்டென்று பேச முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினேன். அடுத்த ஊசியை எடுப்பதற்குள் நீ சிரித்துக்கொண்டே, "சும்மா சொன்னேன் ஆன்ட்டி, எங்கம்மா" என்று சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் எடுத்தேன். ஊசி தீர்ந்துவிட்டது. நீ அவரை உள்ளறைக்குக் கூட்டிப் போய்விட்டாய்.

திரும்பி வந்தவருக்குச் சோபாவில் டீ கொடுத்தாய், நான் உனக்கு வாங்கி வந்த புதுக் கோப்பையில். அவர்தான், "அவங்களுக்கும் ஒரு டீ குடுங்க தம்பி, காலைலேர்ந்து நிக்கறாங்க போல" என்றார். நீ ஒரு டம்ளரில் கொண்டுவந்து என் ஸ்டூல் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாய். கையில் கொடுத்தால் நீ என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். உன் தாத்தாவுக்கு வரப்பில் டீ கொடுத்தவர்களும் அப்படித்தான் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்களாம். ஆனால் அவர்களில் யாரும் அவர் பெற்ற பிள்ளை இல்லை.

நித்யாவின் அம்மா கிளம்பும்போது நான் முடித்திருந்த ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தார். "எவ்ளோ நீட்டா விழுது பாருங்க. ஏம்மா, அடையாறுக்கு வருவீங்களா? எங்க வீட்லயும் ஒண்ணுகூட ஒழுங்கா தொங்கல. நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான் வாங்கித் தரேன் ஆன்ட்டி" என்று சொல்லி அவரை லிப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டாய்.

கதவைச் சாத்திவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தாய். "அம்மா, அந்த நேரத்துல என்ன சொல்றதுன்னே தெரியலம்மா. நீ இருந்த கோலம்... மொதல் தடவ உன்னைப் பாக்கறது இப்டி இருக்க வேணாமேன்னு" என்றாய்.

"இன்னாடா கோலம்?" என்று கேட்டேன். "உன் வூட்டு ஜன்னலுக்கு ஸ்கிரீன் போட்டுகினு இருந்தேன். அது ஒரு கோலமா?"

மீதி ஒரு ஸ்கிரீன் இருந்தது. அதையும் முடித்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போக எனக்கு வரவில்லை. இரண்டும் நடுவில் வந்து சேர்ந்தன, அடி ஒரே மட்டத்தில் நின்றது. மெஷினைக் கூடையில் வைத்தேன். கார் வரச் சொல்கிறேன் என்றாய், வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாப் வரை கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாய். அது அன்பு என்று எனக்குத் தெரியும். அந்த அன்பு நாலு பேர் முன்னால் வர மாட்டேன் என்கிறது, அதுதான் கஷ்டம்.

உன் அப்பாவிடம் நான் உடனே சொல்லவில்லை. நீ நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டு அவருக்குப் போன் செய்தாயே, அன்றுதான் சொல்ல வேண்டியதாயிற்று. "நீங்களும் பெரியம்மாவும் வாங்கப்பா. அம்மாவுக்கு வைரல் ஃபீவர்னு சொல்லிக்கலாம்" என்று நீ சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "இன்னாடா பேசுற? நல்லா கீறவள எதுக்குடா காய்ச்சல்ல படுக்க வைக்கிற?" என்று அவர் கத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "நீ ஏன்மே வாயத் தொறந்து சொல்லல?" என்று என்னைத்தான் கேட்டார். நான் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நீ பொய்யன் ஆகியிருப்பாய், அருள். மாமியார் ஆகப்போகிறவர் முன்னால் உன் தலை குனிந்திருக்கும். அது வேண்டாம் என்றுதான் ஸ்கிரீன் தைக்க வந்தவளாகவே நின்றேன். உனக்கு அது தோன்றவே இல்லை போலிருக்கிறது. நான் அடங்கிப் போய்விட்டேன், இனி சௌகரியம்தான் என்று எடுத்துக்கொண்டாய்.

நிச்சயதார்த்தத்துக்கு நான் வரவில்லை. என் ஒரே பிள்ளைக்குப் பெண் உறுதியாகிற நேரத்தில் இங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா திரும்பி வந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆப்பிள் பையையும் மேஜைமேல் வைத்தார். நித்யாவின் அம்மா எனக்காகக் கொடுத்தனுப்பியது. "நல்ல மனுசிமே அது. 'சம்பந்தியம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு'ன்னு போற வரைக்கும் கேட்டுகினே இருந்துச்சு. நான் எங்க போயி மூஞ்ச வச்சிக்கிறது?" என்று சொல்லிவிட்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார். வீட்டுக்காரம்மாவிடம் காலனி என்று பட்டென்று சொன்ன மனிதர். அவரையும் பொய் சொல்ல வைத்துவிட்டாய். எனக்குச் செய்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேனோ என்னவோ, இதை மறக்க மாட்டேன்.

ஆப்பிள்கள் அழுகிப் போயின. தின்ன மனம் வரவில்லை. அந்த அம்மா எனக்கு என்ன கெடுதல் செய்தார்? உழைத்துக்கொண்டிருந்தவளுக்கு டீ கொடுக்கச் சொன்னார். வேலை நன்றாயிருக்கிறது என்று சொன்னார். உடம்பு சரியில்லை என்று கேட்டதும் பழம் வாங்கினார். நீ பயப்படுகிற அளவுக்கு அவர் இருக்கிறாரா என்று நீ ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் முகம் சுளித்திருப்பாரோ, சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருப்பாரோ, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அவரை அளந்து பார்க்காமலே கழித்துவிட்டாய், என்னையும் சேர்த்து.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் அல்லவா? ஒன்றே ஒன்று சொல்கிறேன். நித்யாவுக்கு இது தெரியுமா என்று நான் கேட்டபோது நீ மழுப்பினாய். தெரியாது என்றால் இன்றைக்கே சொல். ஒரு பொய்யோடு குடித்தனம் தொடங்கினால், அவள் என் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் அதைக் காப்பாற்றியாக வேண்டும். உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதையும் என்னிடம் தனியாகத்தான் கூட்டிவர வேண்டியிருக்கும். நாளைக்கு அவளே எண்ணெய் வழிய, நைட்டியோடு வேலை செய்யும்போது உன் ஆபீஸ்காரர்கள் வந்தால் அவளை யார் என்று சொல்லுவாய்? இதை அவளும் யோசிப்பாள். புத்தியுள்ள பெண் என்றுதான் தெரிகிறது.

நீ கொடுத்தனுப்பிய பட்டுப்புடவை வந்து சேர்ந்தது. நல்ல நிறம். அதைத்தான் கட்டுவேன். பார்லர் பெண் வேண்டாம், டை வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். நரைத்த தலையை நானே வாரிக்கொண்டு மண்டபத்து வாசலில், பன்னீரும் சந்தனமும் வைக்கிற மேஜைக்குப் பக்கத்தில் நிற்பேன். மாப்பிள்ளையின் தாய் நிற்கிற இடம் அது. பின்வரிசையில் போய் உட்கார மாட்டேன். காய்ச்சலும் வராது. நித்யாவின் அம்மா காரிலிருந்து இறங்கி வருவார். என்னைப் பார்ப்பார், நின்றுவிடுவார். பார்த்த முகத்தை மறக்கிறவர் இல்லை அவர். நீங்கள் அந்த ஸ்கிரீன் தைக்கிற அம்மா இல்லையா என்று கேட்பார். நான் பதில் சொல்ல மாட்டேன், அருள். உன்னைத்தான் பார்ப்பேன். அதற்கு முன்னாலேயே நீ சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. சொல்லுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லாவிட்டால் அன்றைக்கு அத்தனை பேர் நடுவில், மாலையோடு நின்று, நான் யார் என்று உன் வாயால் நீதான் சொல்ல வேண்டும். நீ சொல்லி முடிக்கும்வரை நான் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன்.

உன் அம்மா